காயில் மாற்றினால் பத்து நாள் ஓடுகிறது, அப்புறம் மறுபடி மிஸ்ஸிங்

வாசகர் கேள்வி: என்னிடம் இருப்பது 19 வருடப் பழைய பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்கின் மேலும் அதற்குத் தீப்பொறி கொடுக்கும் தனித்தனிக் காயில். 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் தெரியாது. அரை மணி நேரம் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மேடு ஏறும்போதும் ஏசி போட்டுக்கொண்டு முந்தும்போதும் திக்கித் திக்கி இழுக்கிறது, அதே மிஸ்ஸிங். இன்ஜின் விளக்கு எரிகிறது, சில சமயம் மினுக்குகிறது. ஸ்கேனரில் பி0302 என்று வருகிறது. நாலு பிளக்கும் மாற்றியாச்சு. இரண்டாவது சிலிண்டர் காயிலை இரண்டு முறை மாற்றினோம். மாற்றியதும் பத்து நாள் அருமையாக ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இன்ஜெக்டரும் சுத்தம் செய்து பார்த்தாயிற்று. இப்போது மெக்கானிக், "ஈசியூ போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்கிறார், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். மாற்றலாமா, இல்லை காரையே தள்ளிவிடலாமா?

பதில்:

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட முக்கியமான வரி, "பத்து நாள் அருமையாக ஓடும்" என்பதுதான். ஸ்கேனர் காட்டிய எண்ணைவிட அந்த வரி எனக்கு அதிகம் சொல்கிறது.

புதுக் காயில் ஒன்று பத்து நாளில் போவது நடக்காத விஷயமில்லை. ஆனால் அதே இடத்தில், அடுத்தடுத்து இரண்டு, அதே பத்து நாளில் போனது என்றால் நான் காயிலைச் சந்தேகிக்க மாட்டேன். காயிலை மாற்றும்போது மெக்கானிக் வேறு என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். காயிலில் வயர் வந்து மாட்டும் கப்ளரைப் பிடுங்கினார், மறுபடி அழுத்தி மாட்டினார். அந்த இரண்டு அசைவிலும் உள்ளே இருக்கும் பின்கள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்த கறை கொஞ்சம் விலகியிருக்கும். வயரும் சற்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதனால் ஓடியது. பத்து நாள் சூட்டிலும் அதிர்விலும் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது, மிஸ்ஸிங்கும் வந்தது. மாத்திரை வேலை செய்ததாக நினைத்தோம், மாத்திரை விழுங்கக் குடித்த தண்ணீர்தான் வேலை செய்திருக்கிறது.

என் கணிப்பு: இரண்டாவது காயிலுக்குப் போகும் வயரிலோ கப்ளரிலோ கோளாறு. உறுதியாகச் சொல்ல வண்டி என் முன்னால் இல்லை. ஆனால் ஈசியூவில் கை வைப்பதற்கு முன் நீங்கள் பார்த்தே ஆக வேண்டியவை இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு இண்டிகேட்டர் பல்பும் போதும்.

முதலில் அந்த பி0302 என்ற கோடு, அதாவது ஸ்கேனர் காட்டும் பிழை எண். பலரும் அதை "இரண்டாவது காயில் கெட்டது" என்று படிக்கிறார்கள். அந்தக் கோடு அப்படிச் சொல்லவில்லை. கிராங்க் சென்சார் வழியாக கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுற்றும் வேகத்தை ஈசியூ நொடிக்கு நொடி அளந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஒரு துளி வேகமெடுக்க வேண்டும். இரண்டாவது சிலிண்டரின் முறை வந்தபோது அந்தத் தள்ளல் கிடைக்கவில்லை. கோடு சொல்வது அவ்வளவுதான். தீப்பொறி வராமல் இருக்கலாம், பெட்ரோல் வராமல் இருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) இல்லாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. பி0352 என்று வந்திருந்தால் காயில் சர்க்யூட், பி0202 என்று வந்திருந்தால் இன்ஜெக்டர் சர்க்யூட் என்று ஈசியூவே கையைக் காட்டியிருக்கும். அப்படி வராததால் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. முழுதாக அறுந்த வயரை ஈசியூ கண்டுபிடிக்கும், பாதி அறுந்த வயர் பல நேரம் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கம்ப்ரஷனை நான் ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், வால்வோ ரிங்கோ தேய்ந்திருந்தால் அது பத்து நாள் விடுமுறை எடுக்காது. காலையில் நன்றாக ஓடி, சூடானபின் மட்டும் தகராறு செய்கிற வால்வு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதுவும் காயில் மாற்றினால் குணமாகாது. வந்து வந்து போகும் குறை என்றாலே முதலில் கரண்ட் பக்கம் பார்ப்பது என் வழக்கம்.

சூடானபின், அதுவும் மேட்டில் மட்டும் ஏன் வருகிறது? இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிளக்கின் இடைவெளியில் தீப்பொறி தாண்ட எத்தனை வோல்ட் வேண்டும் என்பது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, அரைகுறைக் காயில்கூடப் பொறியைத் தாண்ட வைத்துவிடும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் சிலிண்டர் நிறையக் காற்று வருகிறது, அழுத்தம் ஏறுகிறது, கேட்கும் வோல்ட்டும் ஏறுகிறது. அப்போதுதான் பலவீனமான தீப்பொறியின் குட்டு வெளிப்படுகிறது.

அந்தத் தீப்பொறியின் பலம் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து காயிலின் முதல் சுற்றில் ஓடும் கரண்டிலிருந்து. பல கார்களில் அது உச்சத்தில் 6 முதல் 10 ஆம்பியர் வரை போகும், அதுவும் ஏறக்குறைய 3 மில்லிசெகண்டுக்குள். காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதாவது வழியில் ஒரு கறை பிடித்த பின் இருந்து கரண்ட் 30 சதவீதம் குறைந்தால், சக்தி பாதியாகிவிடும். இதற்கு வயர் அறுந்தே போக வேண்டியதில்லை. இழைகளில் பாதி போனாலோ பின் தளர்ந்தாலோ போதும்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் காயிலும் வயரும் ஏறக்குறைய 30 சதவீதம் அதிகத் தடை காட்டும். நல்ல வண்டி அதைத் தாங்கும், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வண்டி தாங்காது. போதாததற்கு கப்ளரின் பிளாஸ்டிக் சூட்டில் இளகி, பின்னின் பிடி விடுகிறது. மேட்டில் இழுக்கும்போது இன்ஜின் அதன் மவுண்டுகளில் ஒரு பக்கம் சாயும். பழைய மவுண்ட் என்றால் இன்னும் அதிகமாகவே சாயும். பாடியிலிருந்து இன்ஜினுக்கு வரும் வயர்க்கட்டு அப்போது இழுபடுகிறது.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இதே போல ஒரு வண்டி மூன்று முறை எங்கள் பட்டறைக்கு வந்தது. இரண்டு முறை காயில் மாற்றிக் கொடுத்தோம், இரண்டு முறையும் ஓனர் சிரித்துக்கொண்டு போய் முறைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மூன்றாம் முறை ஓட விட்டுவிட்டு, எதையோ எட்டி எடுக்கக் குனிந்தேன். என் முழங்கை இன்ஜின் மேல் போகும் வயர்க்கட்டில் பட்டது. திக்கிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று சீரானது. கையை எடுத்தேன், மறுபடி திக்கல். சாவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டேப்பைப் பிரித்தோம். வயரின் மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் விரலில் பிடித்து மடக்கினால் மற்ற இடங்களில் வயர் வில் மாதிரி வளைய, அந்த ஒரு இடத்தில் மட்டும் எலும்பு முறிந்த விரல் மாதிரித் தொய்ந்து மடிந்தது. உறையைக் கீறினால் உள்ளே பச்சைப் பொடி. பொடிக்கு நடுவில் இரண்டே இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தால் அந்த இரண்டு இழையும் "வயர் நன்றாக இருக்கிறது" என்றே பீப் அடித்தன. அன்றிலிருந்து வயர் விஷயத்தில் மீட்டரின் பீப் சத்தத்தை நான் நம்புவதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம்.

விளக்கு மினுக்கும்போது தொடர்ந்து ஓட்டாதீர்கள், ஆக்சிலேட்டரைத் தளர்த்தி ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிப்போகும். ஒரு வயருக்காகத் தொடங்கிய செலவு கன்வெர்ட்டரில் போய் முடியும். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரை வரலாம், மினுக்கினால் கூடாது.

அடுத்தது, தீப்பொறியா பெட்ரோலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நன்றாகத் திக்கிய உடனே வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கொஞ்சம் ஆற விட்டு இரண்டாவது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, தீப்பொறிதான் இல்லை. காய்ந்து வெள்ளையாக இருந்தால் இன்ஜெக்டர் பக்கம் சந்தேகம், அதற்கும் வயர் உண்டு, கப்ளர் உண்டு. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். வால்வு கவர் பேக்கிங் கசிந்து குழியில் ஆயில் நின்றால் காயிலின் ரப்பர் குழாய் ஊறிக் கெட்டு, தீப்பொறி பக்கவாட்டில் ஓடிவிடும். அப்படி இருந்தால் வயரைத் தேடுவதற்கு முன் பேக்கிங்கை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மற்ற மூன்று சிலிண்டரும் ஒழுங்காக ஓடுகின்றன. நாலு காயிலுக்கும் சப்ளை பெரும்பாலும் ஒரே ஃபியூஸ், ஒரே ரிலே வழியாக வந்து, வயர்க்கட்டின் உள்ளே ஒரு ஜாயின்ட்டில் நாலாகப் பிரியும். பொது சப்ளையோ பொது எர்த்தோ (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கெட்டிருந்தால் எந்தச் சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறித் திக்கும், கோடும் பி0300 என்று வரும். உங்களுக்கு இரண்டாவது சிலிண்டர் மட்டும்தான். ஆகவே கோளாறு அந்த ஜாயின்ட்டுக்கும் இரண்டாவது காயிலுக்கும் நடுவில் இருக்க வாய்ப்பு அதிகம். பல வண்டிகளில் இது ஒரு சாண், இரண்டு சாண் நீளம்தான். காயிலிலிருந்து ஈசியூவுக்குப் போகும் கட்டுப்பாட்டு வயர் மட்டும் முழு நீளமும் தேட வேண்டும்.

இப்போது கையும் கண்ணும். இன்ஜின் அணைந்திருக்கும்போது இரண்டாவது காயிலின் வயரைக் கப்ளரிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே போங்கள். சூட்டில் உறை கல் மாதிரி இறுகிப் பொடிகிறதா? பிராக்கெட் விளிம்பில் உரசிப் பளபளப்பு தெரிகிறதா? எலி கடித்த தடம் இருக்கிறதா? முன்பு யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிறதா? 1990களின் முற்பாதியில் வந்த சில மெர்சிடிஸ் மாடல்களில் இன்ஜின் வயர்க்கட்டின் உறை சூட்டில் தானாகவே உதிர்ந்து, அந்த வயர்க்கட்டையே மொத்தமாக மாற்ற வேண்டி வந்தது ஊரறிந்த கதை. உங்கள் வண்டி அந்த அளவுக்குப் போயிருக்காது. ஆனால் இன்ஜினுக்கு மேலே 19 வருடம் வெந்த பிளாஸ்டிக் அது.

பிறகு ஓட விட்டு ஆட்டிப் பார்ப்பது. இன்ஜின் நன்றாகச் சூடாகி ஐடிலிங்கில் ஓடும்போது, காய்ந்த மரக்குச்சி ஒன்றால் வயர்க்கட்டை அங்குலம் அங்குலமாக மெதுவாக அழுத்தி அசையுங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். கையால் காயிலைத் தொட வேண்டாம், அது பல்லாயிரம் வோல்ட் சமாசாரம். தளர்ந்த சட்டைக் கையும் துண்டும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கில் இருக்கட்டும், ஓடும் இன்ஜினுக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம்.

பட்டறையில் நிறையப் பேர் ஏமாறுவது அளவெடுப்பதில்தான். சாவியைப் போட்டு, காயில் கப்ளரில் மீட்டரை வைத்து, 12.4 வோல்ட் வருகிறது, வயர் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டர் இழுப்பது ஒரு கொசு குடிக்கும் அளவு கரண்ட். அதற்கு ஒரே ஒரு இழை போதும். ஓடும்போது அளந்தாலும் பிரச்சினை தீராது. 800 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் முறை 150 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும், அதில் காயில் கரண்ட் இழுப்பது 3 மில்லிசெகண்ட். மீட்டர் காட்டுவதோ சராசரி. ஐம்பது பங்கில் ஒரு பங்கு நேரம் மட்டும் வோல்ட் விழுந்தால் மீட்டரின் எண்ணில் அது தெரியவே தெரியாது. உங்கள் மெக்கானிக் வயரைப் பார்த்து "ஓகே" சொல்லியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே வயருக்குச் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். முதலில் காயில் கப்ளரில் எத்தனை வயர் என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் ஒன்று சப்ளை, மற்றது ஈசியூவுக்குப் போவது. மூன்று அல்லது நாலு என்றால் சப்ளை, எர்த், ஈசியூவின் சிக்னல், சிலவற்றில் திரும்பிச் செல்லும் தகவல் வயர். எது எது என்று வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பல்பை ஈசியூவோடு இணைந்திருக்கும் வயரில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஈசியூ போயிருக்கும் என்று மெக்கானிக் சொன்னதை நீங்களே உண்மையாக்கிவிடுவீர்கள்.

கப்ளரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பல்பை வையுங்கள். சாவி போட்டதும் பேட்டரியில் நேரடியாக வைத்தால் எரியும் அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும். சில கார்களில் இன்ஜின் சுற்றாவிட்டால் இரண்டு மூன்று நொடியில் ஈசியூவே சப்ளையை நிறுத்திவிடும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். எரியும்போதே பேட்டரி வோல்ட்டையும் பல்பின் வோல்ட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. வழியில் ஒரே ஒரு ஓம் தடை ஒளிந்திருந்தாலும் ஒன்றரை வோல்ட்டுக்குக் குறையாமல் காணாமல் போகும். எர்த் பின் தனியாக இருந்தால் அதற்கும் இதே சோதனை, பல்பின் மறுமுனை பேட்டரி பாசிட்டிவில். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வயரை அங்குலம் அங்குலமாக மடக்கிப் பாருங்கள். வெளிச்சம் சிமிட்டும் இடம்தான் நீங்கள் இத்தனை மாதம் தேடியது. ஆறிய வண்டியில் ஒன்றும் சிக்கவில்லை என்றால், ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

சோதிக்கும்போது செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. மீட்டரின் தடித்த கம்பியைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்துவிடும், அப்புறம் நீங்களே ஒரு புது மிஸ்ஸிங்கை உருவாக்கியவர் ஆவீர்கள். அதே அளவு ஆண் பின் ஒன்றை எங்காவது தேடி எடுத்து, ஒரு வயரில் இணைத்து அதை உபயோகியுங்கள். அந்தப் பின்னை உள்ளே விட்டு இழுக்கும்போது லேசாகப் பிடித்து விட வேண்டும். வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின் செத்தது. பக்கத்துக் காயில் கப்ளரில் இதே போல விட்டுப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். வயரின் உறையில் ஊசி குத்திப் பார்ப்பதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, இழைகளுக்கு நடுவில் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, ஒரு வருடத்தில் பச்சைப் பொடியாக்கிவிடும்.

எர்த் சரியாக இருக்கலாம் என்றேன், ஆனாலும் இரண்டு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓட, ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பளபளக்கும் உலோகம் தெரியும் வரை துரு சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள்.

ஈசியூவுக்குப் போகும் வயரைச் சோதிக்க பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஈசியூ கப்ளர், காயில் கப்ளர் இரண்டையும் பிரியுங்கள். அந்த வயரின் இரு முனைக்கும் நடுவில் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும், பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டு வயர் காயில் என்றால் முழுக் கரண்டும் இந்த வயர் வழியாகத்தான் போகிறது. அதனால் இரு முனையும் கழன்ற நிலையில் இதற்கும் பேட்டரியிலிருந்து நேரடியாகப் பல்புச் சோதனை செய்யலாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, அலைவடிவம் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்து ஈசியூவிலிருந்து இரண்டாவது காயிலுக்கு மட்டும் சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று கண்ணால் பார்த்தால், அப்போது ஈசியூவைப் பேசலாம். அப்போதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஈசியூவின் அந்த டிரான்சிஸ்டரைக் கொன்றது எது? பல நேரம் உரசிப் பாடியில் பட்ட வயரோ, உள்ளே ஷார்ட் ஆன காயிலோதான். அதைச் சரி செய்யாமல் புது ஈசியூ போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

வயரில் கோளாறு சிக்கினால் எப்படிச் சரி செய்வது என்பதிலும் கொஞ்சம் கறாராக இருங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழை வரைக்கும். ஈயம் வைத்துப் பற்ற வைத்தால் கரண்ட் நன்றாகப் போகும், ஆனால் ஈயம் ஏறிய இடம் கம்பி மாதிரி விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். இன்ஜின் மேல் ஓடும் வயருக்கு நான் சரியான கருவியால் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நெருக்கி), உள்ளே பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்குவேன். வயர் அதே தடிமன், சூடு தாங்கும் உறை. வீட்டு வயரிங்கில் மிச்சமான துண்டு இங்கே ஆகாது. இரண்டு மூன்று வயரில் ஜாயின்ட் போட வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் போடாமல் முன்னும் பின்னுமாகப் போடுங்கள். பின் தளர்ந்திருந்தால் கப்ளரை வயர் வாலோடு சேர்த்து மாற்றிவிடுவதுதான் நல்லது. ஊசியால் நெருக்கி விட்டால் மூன்று மாதம் ஓடும். கறை பிடித்த பின்னைக் காண்டாக்ட் கிளீனரால் கழுவுங்கள், உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் மெல்லிய முலாம் போய்விட்டால் அடுத்த கறை இன்னும் சீக்கிரம் வரும். வயர்க்கட்டு இன்ஜின் சாயும்போது இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விட்டு, பிராக்கெட் விளிம்பில் படாமல் கிளிப் போட்டுக் கட்டுங்கள். இன்ஜின் மவுண்ட் போயிருந்தால் அதையும் மாற்றாமல் இந்த வேலை நிலைக்காது.

இதைப் படிக்கும் இன்னும் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டிஸ்ட்ரிபியூட்டரும் நாலு தடித்த பிளக் வயரும் இருக்கும் கார் என்றால், இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினின் பிளக் வயர்கள் மேல் தண்ணீரை மெல்லிய பனி போலத் தெளித்து, எட்டி நின்று பாருங்கள். கசியும் வயர் நீலப் பொறியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தொட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

உங்களுக்கு வருகிறேன். காரைத் தள்ளலாமா என்ற கேள்விக்கு, பல்புச் சோதனை முடியும் வரை பதில் இல்லை. மெக்கானிக்கிடம் சண்டை போடாமல், "அண்ணே, ஈசியூவுக்கு முன்னால இந்தக் கப்ளர்ல பல்பு போட்டு ஒரு தடவை பார்த்துடலாமே" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். அப்புறம், கழற்றிப் போட்ட அந்த இரண்டு பழைய காயில்களும் இன்னும் பட்டறையில் கிடந்தால் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை அவை நல்ல காயில்கள்.